வாசகர் கேள்வி–பதில்: பேராசிரியரைத் திருத்தும் மாணவர்கள்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, அமெரிக்காவின் பெயர்பெற்ற சட்ட ஆய்விதழ்களை நடத்துபவர்கள் பேராசிரியர்கள் அல்லர், மாணவர்கள்தாம் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே இம்முறை பெரும்பாலான கடிதங்கள் வந்திருப்பதால், பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். தமிழில் ஆசிரியர் என்ற சொல் வகுப்பில் கற்பிப்பவரையும் குறிக்கிறது, பத்திரிகையை நடத்துபவரையும் குறிக்கிறது. இந்தப் பொருளைப் பற்றி எழுதும்போது அது பெருங்குழப்பம் தரும் என்பதால், கற்பிப்பவரைப் பேராசிரியர் என்றும், பத்திரிகைப் பணி செய்யும் மாணவரை இதழாசிரியர் என்றும் பிரித்து எழுதுகிறோம்.

கேள்வி: நான் இயற்பியல் கற்பிப்பவன். என் கட்டுரையைத் துறை வல்லுநர்கள் இருவரோ மூவரோ படித்துத் தேறும் என்று சொன்னால்தான் ஆய்விதழில் இடம் கிடைக்கும். சட்டத்தில் மட்டும் மாணவர்கள் பேராசிரியர்களின் எழுத்தை எடைபோடும் தலைகீழ் வழக்கம் எப்படி வந்தது? (கல்லூரிப் பேராசிரியர், திருச்சி)

பதில்: யாரும் திட்டமிட்டு அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்யவில்லை. 1870இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் தலைவரான கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல், சட்டத்தை விரிவுரையாகக் கேட்டு மனப்பாடம் செய்யும் பழைய முறையை மாற்றி, மூலத் தீர்ப்புகளை மாணவர்களே படித்து, அவற்றினுள் இருக்கும் கோட்பாட்டை வகுப்பில் வாதாடிக் கண்டெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இயற்பியலாருக்கு ஆய்வுக்கூடம் எப்படியோ அப்படியே சட்டத்தாருக்கு நூலகம் என்பது அவர் கொள்கை. இவ்வாறு பழகிய மாணவர்களுக்கு, தீர்ப்பைப் படித்துக் கருத்து எழுதுவது வகுப்பு வேலையின் தொடர்ச்சியாகவே இருந்தது. அவர்களுள் எட்டுப் பேர் ஒரு வாசிப்பு வட்டமாகக் கூடி, 1887 ஏப்ரல் 15ஆம் நாள் ஹார்வர்டு லா ரிவ்யூவின் முதல் இதழை வெளியிட்டனர். பிற்காலத்தில் சாட்சியச் சட்டத்தில் பெரும் பெயர் எடுத்த ஜான் ஹென்றி விக்மோர் அவர்களில் ஒருவர். ஜான் ஜே மெக்கெல்வி முதல் தலைமை இதழாசிரியர். பேராசிரியர் ஜேம்ஸ் பார் ஏம்ஸ் முதல் இதழுக்குக் கட்டுரை தந்து துணைநின்றார். பாஸ்டனில் வழக்கறிஞராக இருந்த பழைய மாணவர் லூயி பிராண்டைஸ் பணத்துக்கும் சந்தாவுக்கும் வழிசெய்ய உதவினார்.

சட்டப் பள்ளியில் நடக்கும் வேலையை வெளியுலகுக்குக் காட்டுவதே தங்கள் முதல் நோக்கம் என்றும், தொழில் செய்யும் வழக்கறிஞர்களுக்கும் அது பயன்பட்டால் மகிழ்ச்சி என்றும் அந்த மாணவர்கள் முதல் இதழில் வெளியிட்ட அறிக்கையில் அடக்கமாக எழுதியிருந்தனர். ஒரு துறையின் நடுவர்களாக அமரப்போகிறோம் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்ததாக அந்த அறிக்கையில் அடையாளமே இல்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1885இல் இங்கிலாந்தில் தொடங்கிய லா குவார்ட்டர்லி ரிவ்யூவின் பொறுப்பு பிரெடரிக் பொல்லாக் என்ற அறிஞரிடம் இருந்தது; அந்நாட்டில் அந்த வழியே நிலைத்தது. அமெரிக்காவிலோ 1891இல் யேல், 1901இல் கொலம்பியா என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஹார்வர்டைப் பார்த்து மாணவர் இதழைத் தொடங்கியது. ஓரிடத்தில் தற்செயலாக நேர்ந்ததை மற்றவர்கள் முறையாக எடுத்துக்கொண்டார்கள் என்பதே தங்கள் கேள்விக்கு நேரான விடை.

கேள்வி: இதழாசிரியர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? அவர்கள் அன்றாடம் செய்யும் வேலைதான் என்ன? (இல்லத்தரசி, கும்பகோணம்)

பதில்: ஹார்வர்டில் தொடக்கத்தில் மதிப்பெண் ஒன்றே அளவுகோல். இப்போது முதலாண்டுத் தேர்வுகள் முடிந்த கையோடு ஒரு எழுத்துப் போட்டி நடக்கிறது. எல்லாருக்கும் ஒரே கட்டுத் தாள்கள் தரப்படும். அதற்கு வெளியே எதையும் தேடக் கூடாது. அண்மைத் தீர்ப்பு ஒன்றைப் பற்றிய விமரிசனக் குறிப்பை எழுதுவது போட்டியின் ஒரு பகுதி. வேண்டுமென்றே பிழைகள் விதைக்கப்பட்ட கட்டுரைத் துண்டு ஒன்றில் அப்பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்துவது இன்னொரு பகுதி. விடைத்தாளில் பெயர் இருக்காது. அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு 54 பேர் இவ்வாறு சேர்க்கப்பட்டு வருகிறார்கள். சிலர் இப்போட்டியின் மதிப்பெண்ணால் மட்டும் வருகிறார்கள். சிலருக்கு வகுப்பு மதிப்பெண்ணும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது.

உள்ளே வந்தவர்களுக்குக் காத்திருக்கும் வேலையைக் கேட்டால் தங்களுக்கு வியப்பாக இருக்கும். ஒரு கட்டுரையில் முந்நூறு அடிக்குறிப்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டக் கட்டுரைக்கு அது பெரிய எண்ணிக்கையே அன்று. அந்த முந்நூறையும் இதழாசிரியர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, ஒவ்வொரு குறிப்பும் சுட்டும் நூலையோ தீர்ப்பையோ மூலத்திலேயே எடுத்துப் பார்க்க வேண்டும். பக்க எண் சரிதானா, மேற்கோளில் ஒரு காற்புள்ளியாவது விடுபட்டிருக்கிறதா என்பவை எளிய சோதனைகள். மூலம் சொல்வதும் அதன் பெயரால் கட்டுரையாளர் சொல்வதும் ஒன்றுதானா என்பதே கடினமான சோதனை. 'நீதிமன்றம் இவ்வாறு தீர்ப்பளித்தது' என்று பேராசிரியர் எழுதியிருப்பார். எடுத்துப் பார்த்தால் அது தீர்ப்பின் கட்டுப்படுத்தும் பகுதியாக இராது, நீதிபதி வழியோடு சொல்லிச் சென்ற கருத்தாக இருக்கும். அதைச் சுட்டிக்காட்டும் இருபத்து மூன்று வயது மாணவருக்கு நக்கீரர் வேலை என்றுதான் சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவர் எத்தனை பெரியவராயினும். உலகில் வேறெந்தத் துறையின் ஆய்விதழிலும் ஒரு கட்டுரையின் ஆதாரங்கள் இப்படி ஒன்றுவிடாமல் தோண்டிப் பார்க்கப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. திருச்சிப் பேராசிரியரின் துறை வல்லுநர்கள்கூட அடிக்குறிப்புகளின் மூலங்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு படிப்பதில்லை.

இதைத் தவிர, மாணவர்கள் தாங்களே எழுதும் குறிப்புகளும் ஒவ்வோர் இதழிலும் வருகின்றன. ஹார்வர்டில் அவற்றின் கீழ் எழுதியவர் பெயர் போடுவதில்லை. பல கைகள் திருத்திய எழுத்து ஒருவருடையது ஆகாது என்பது அவ்வழக்கத்துக்குச் சொல்லப்படும் காரணம். நவம்பர் முதல் ஜூன் வரை மாதம் ஒன்றாக எட்டு இதழ்கள் வெளியாகின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முந்தைய ஆண்டுப் பணியை அலசும் நவம்பர் இதழுக்கே எதிர்பார்ப்பு அதிகம்.

கேள்வி: ஒபாமா அந்தப் பத்திரிகைக்குத் தலைவராக இருந்தாராமே? (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், மதுரை)

பதில்: ஆம். 1990 பிப்ரவரியில், தம் 28ஆம் வயதில், அவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நூறாண்டு தாண்டிய அந்த இதழில் அப்பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் என்பதால் நாளேடுகள் அதைச் செய்தியாக்கின. பெண் ஒருவர் முதன்முதலாகத் தலைவரானது 1976இல், சூசன் எஸ்ட்ரிச். ஹார்வர்டு சட்டப் பள்ளி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1950இல்தான் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தேர்தல் நாளன்று, போட்டியிடுபவர்கள் சமையலறையில் நின்று, உள்ளே தங்களைப் பற்றிக் காரசாரமாக விவாதித்துக்கொண்டிருக்கும் மற்ற இதழாசிரியர்களுக்கு உணவு சமைத்துப் போடுவது அங்கே ஒரு மரபாக இருந்தது. மேலே சொன்ன பெயரில்லாக் குறிப்புக்கும் ஒபாமாவே எடுத்துக்காட்டு ஆகிறார். கருவில் இருக்கும்போது தாயின் கவனக்குறைவால் காயமுற்ற குழந்தை பின்னர் அத்தாய்மீது வழக்குத் தொடர முடியுமா என்பதைப் பற்றி 1990 ஜனவரி இதழில் வந்த ஒரு குறிப்பு அவர் எழுதியது என்பது, 2008 குடியரசுத் தலைவர் தேர்தலின்போது செய்தியாளர்கள் கிளறியெடுத்த பிறகே வெளியே தெரிந்தது.

கேள்வி: இத்தகைய இதழ்களில் வரும் கட்டுரைகளால் நடைமுறையில் எதுவேனும் மாறியிருக்கிறதா, அல்லது எல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானா? (வழக்கறிஞர், சேலம்)

பதில்: ஒரே ஒரு கட்டுரையைச் சொல்கிறேன், அதன் வால் சேலம் வரைக்கும் நீண்டிருக்கிறது. இதழ் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் ஆன நிலையில், 1890 டிசம்பர் 15ஆம் நாள், சாமுவேல் வாரனும் மேலே நாம் கண்ட பிராண்டைஸும் சேர்ந்து அந்தரங்க உரிமை பற்றி ஒரு கட்டுரை எழுதினர். இருவரும் ஹார்வர்டில் உடன் பயின்றவர்கள். சேர்ந்து வழக்கறிஞர் தொழில் நடத்தியவர்கள். கையடக்கப் புகைப்படக் கருவி அப்போதுதான் கடைக்கு வந்திருந்தது. வீட்டுக்குள் நடப்பதை எழுதி விற்கும் நாளேடுகளும் பெருகியிருந்தன. பதிப்புரிமை, நம்பிக்கைத் துரோகம் என்று சிதறிக் கிடந்த பழைய வழக்குகளை எல்லாம் ஒன்றாக அடுக்கிக் காட்டி, இவற்றின் அடியில் ஓடுவது தனித்து விடப்படும் உரிமை ஒன்றே என்று அவர்கள் வாதிட்டனர். அச்சொற்றொடரை அவர்கள் தாமஸ் கூலி என்ற நீதிபதியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். தம் மகளின் திருமணத்தைப் பற்றி நாளேடுகள் எழுதியதில் சினந்தே வாரன் இதை எழுதினார் என்ற கதை நெடுநாள் உலவியது. 1883இல் மணம்புரிந்த மனிதருக்கு 1890இல் மணவயதில் மகள் எப்படி இருப்பாள் என்று யாரும் விரல்விட்டு எண்ணிப் பார்க்கவில்லை போலும்!

பிராண்டைஸ் 1916இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றிய 1928ஆம் ஆண்டின் ஓம்ஸ்டெட் வழக்கில், மற்ற நீதிபதிகளிடமிருந்து மாறுபட்டு எழுதிய தீர்ப்பில் அதே சொற்றொடரை அரசுக்கு எதிராகவும் நிறுத்தினார். நம் நாட்டில், ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவதைத் தடுக்க அதிகாரிகள் முயன்றபோது எழுந்த ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 1994இல் நம் உச்ச நீதிமன்றம் தனித்து விடப்படும் உரிமை என்ற அதே தொடரைக் கையாண்டு அந்தரங்க உரிமைக்கு எல்லை வகுத்தது. பொது ஆவணங்களில் உள்ளதை ஒருவரின் ஒப்புதலின்றியும் வெளியிடலாம் என்றும், வெளியீட்டுக்கு முன்பே தடைபோட அதிகாரிகளுக்கு உரிமையில்லை என்றும் தீர்ப்பளித்தது. பிறகு, ஆதார் தொடர்பாக எழுந்த புட்டசாமி வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று அறிவித்தபோது, வாரன்–பிராண்டைஸ் கட்டுரை அத்தீர்ப்பிலேயே பெயர் சொல்லி விவாதிக்கப்பட்டது. தாங்கள் இன்று நீதிமன்றத்தில் அந்தரங்க உரிமை என்று எழுந்து வாதாடும்போது, 1890இல் ஒரு மாணவர் இதழ் அச்சிட்ட வாதம் அங்கே கேட்கிறது.

கேள்வி: அமெரிக்கச் சட்ட மாணவர்கள் அலறும் நீலப் புத்தகம் எது? (சட்டக் கல்லூரி மாணவர், செங்கல்பட்டு)

பதில்: புளூபுக் எனப்படும் மேற்கோள் விதித்தொகுப்பு அது. ஒரு தீர்ப்பை, சட்டப் பிரிவை, நூலை அடிக்குறிப்பில் எப்படிச் சுட்ட வேண்டும் என்று அது விதிக்கிறது. ஹார்வர்டு, யேல், கொலம்பியா, பென்சில்வேனியா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களின் சட்ட இதழ்கள் அதைக் கூட்டாக வெளியிடுகின்றன; விற்பனை வருவாயும் அவற்றுக்கே. 1926இல் முதல் பதிப்பு 26 பக்கங்கள். 2015ஆம் ஆண்டுப் பதிப்போ 500 பக்கங்களைத் தாண்டிவிட்டது. அதை உருவாக்கியவர் ஹார்வர்டு மாணவராக இருந்த எர்வின் கிரிஸ்வால்டு என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே யேலில் இருந்த ஒரு சிறு வழிகாட்டியில் அதன் வேர் இருப்பதாக யேல் நூலகர்கள் இருவர் 2016இல் எடுத்துக்காட்டினார்கள். சுருக்கக் குறியின்பின் இடைவெளி விடுவதா வேண்டாமா என்பதற்குப் பல பக்கங்களைச் செலவிடும் எந்த நூலும் தன் தேவையைத் தாண்டி வளர்ந்துவிட்டது என்பது என் எண்ணம். நீதிபதி ரிச்சர்டு போஸ்னர் 1986இலேயே அதற்கு விடைகொடுத்துவிட வேண்டும் என்று எழுதினார். அவர் எழுதிய கட்டுரையும் ஒரு மாணவர் இதழில்தான், அடிக்குறிப்புகளோடு வந்தது.

கேள்வி: இரண்டே ஆண்டு சட்டம் படித்தவர் எது நல்ல ஆய்வு, எது பழைய கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? குறையே இல்லாததுபோல் எழுதாதீர்கள். (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: குறை இருக்கிறது. அது பெரும்பாலும் தேர்வில்தான் இருக்கிறது. அடிக்குறிப்பைச் சரிபார்க்க உழைப்பும் நேர்மையும் போதும். ஒரு கருத்து புதியதா என்று அறிய, அத்துறையில் முப்பது ஆண்டுகளில் என்னவெல்லாம் சொல்லப்பட்டிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தேர்ச்சி மாணவருக்கு வாய்க்க வழியில்லை. ஆகவே பல இடங்களில் அவர்கள் கட்டுரையாளரின் பெயரையும், அவர் பணிபுரியும் பல்கலைக்கழகத்தையும், கட்டுரையின் பருமனையும் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு.

கட்டுரை அனுப்பும் முறையும் இந்நோயை வளர்க்கிறது. பிற துறைகளில் ஒரு கட்டுரையை ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கே அனுப்பலாம். அமெரிக்கச் சட்ட உலகில், புதிய குழு பொறுப்பேற்கும் பிப்ரவரி, மார்ச்சிலும் மறுபடி ஆகஸ்டிலும், ஒரே கட்டுரையை ஐம்பது இதழ்களுக்குக்கூட ஒருசேர அனுப்பலாம். நடுத்தர இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டதும், அந்தக் கடிதத்தைக் காட்டி மேலே உள்ள இதழ்களிடம் 'விரைந்து படித்துச் சொல்லுங்கள்' என்று கேட்பார்கள். அங்கே கிடைத்தால் இன்னும் மேலே. சந்தையில் மாட்டுக்கு விலை ஏற்றுவதைப் போன்ற இதில், கீழே இருக்கும் மாணவர்கள் படித்த உழைப்பு வீணாகிறது. ஹார்வர்டில் கட்டுரையாளர் பெயரை மறைத்துப் படிக்கிறார்கள். ஏற்கும் முன் பேராசிரியர்களின் கருத்தையும் கேட்கிறார்கள். கட்டுரைகள் வீங்கிக்கொண்டே போனதைக் கண்டு, 2005இல் ஹார்வர்டு உள்ளிட்ட 11 இதழ்கள், நீண்ட கட்டுரைகளை ஊக்குவிப்பதில்லை என்று கூட்டாக அறிவித்தன. ஹார்வர்டு வைத்துக்கொண்ட வரம்பு, அடிக்குறிப்புகளும் சேர்த்து, 25,000 சொற்கள். எளிய வாசகருக்கு அதுவே ஒரு சிறு நூல்.

யேல் பேராசிரியர் பிரெட் ரோடெல், சட்ட எழுத்தின் நடையும் சரியில்லை, உள்ளடக்கமும் சரியில்லை என்று 1936இலேயே வர்ஜீனியா இதழில் எழுதி, இனி எழுதுவதில்லை என்று விடைபெற்றார். ஹார்வர்டு இதழில் தாமே பணிபுரிந்த அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் 2011இல், இந்த இதழ்களில் ஏதாவது ஒன்றை எடுத்தால் முதல் கட்டுரை பதினெட்டாம் நூற்றாண்டு பல்கேரியாவில் ஜெர்மன் தத்துவஞானி கான்ட்டின் தாக்கத்தைப் பற்றியதாக இருக்கும், வழக்கறிஞருக்கு அதனால் பயனில்லை என்ற பொருளில் கேலி செய்தார். இன்னும் முன்னே போனால், நீதிபதி ஹோம்ஸ் தம் முன் வாதாடியவர் ஒருவரிடம், இதழ்களின் மாணவர் குறிப்புகள் பையன்களின் வேலை, அவற்றை மேற்கோள் காட்ட வேண்டாம் என்று சொன்னதாகத் தலைமை நீதிபதி ஹியூஸ் எழுதியிருக்கிறார். அந்த ஹோம்ஸ் 1897இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டவர்களும் அதே பையன்கள்தாம் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கேள்வி: பல்கலைக்கழகம் தலையிடாதா? (வாசகர், கோவை)

பதில்: ஹார்வர்டு இதழ் சட்டப் பள்ளியிலிருந்து தனித்த, இலாப நோக்கற்ற சங்கம். 1925 முதல் அது இருக்கும் கானட் இல்லம் பள்ளி வளாகத்தில் உள்ளதுதான்; ஆயினும் எதை வெளியிடுவது என்பதை இதழாசிரியர்களே வாக்கெடுத்து முடிவு செய்கிறார்கள். எல்லா இடத்திலும் அது அவ்வளவு உறுதியாக இல்லை. 2024 ஜூனில், கொலம்பியா இதழின் மாணவர்கள் பாலஸ்தீனம் குறித்த ஒரு கட்டுரையை வெளியிட்டதும், பேராசிரியர்களும் பழைய மாணவர்களும் அடங்கிய இயக்குநர் குழு இதழின் இணையதளத்தையே முடக்கிவிட்டது. சில நாட்களுக்குப் பின்னரே அது மீண்டது. அதே கட்டுரையாளரின் முந்தைய எழுத்து ஒன்றை வெளியிட வேண்டாம் என்று 2023 நவம்பரில் ஹார்வர்டு இதழாசிரியர்கள் வாக்கெடுத்து முடிவு செய்திருந்தார்கள். மாணவர் கையில் அதிகாரம் இருந்தால் துணிவு தானாக வந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை.

கேள்வி: நாங்கள் ஆறு பேர் எங்கள் கல்லூரியில் ஒரு சட்ட இதழ் தொடங்க நினைக்கிறோம். தமிழகத்தில் முன்மாதிரி உண்டா? என்ன எச்சரிக்கை தேவை? (சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: சென்னையின் பழம்பெரும் மெட்ராஸ் லா ஜர்னல் 1891இல், ஹார்வர்டு இதழுக்கு நான்கே ஆண்டுகள் பின்னால் தொடங்கியது, ஆனால் அதை நடத்தியவர்கள் மயிலாப்பூரின் தொழில்முறை வக்கீல்கள். மாணவர் இதழுக்கு முன்மாதிரி வேண்டுமானால் பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியின் இதழையும், கொல்கத்தா தேசிய நீதி அறிவியல் பல்கலைக்கழக மாணவர்கள் 2008இல் தொடங்கிய இதழையும் பாருங்கள்.

எச்சரிக்கை ஒன்றே ஒன்று. ஹார்வர்டுக்கு முன்பே, 1875இல் ஆல்பனி சட்டப் பள்ளி மாணவர்கள் ஓர் இதழ் தொடங்கினார்கள், ஓராண்டோடு நின்றது. 1885இல் கொலம்பியா மாணவர்கள் தொடங்கியது 1887இல் நின்றது. தொடங்கியவர்கள் பட்டம் பெற்று வெளியேறினால் இதழும் அவர்களோடு வெளியேறிவிடும். ஹார்வர்டு இதழாசிரியர்கள் ஆண்டுதோறும், தாங்கள் படித்து முடிக்க இன்னும் சில மாதங்கள் இருக்கும்போதே, அடுத்த வகுப்பினரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு அருகில் இருந்து பழக்குகிறார்கள். எனவே தாங்கள் ஆறு பேரும் இறுதியாண்டு மாணவர்கள் என்றால், கட்டுரை கேட்டுப் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதும் முன் கீழ் வகுப்புகளிலிருந்து இன்னும் ஆறு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இதழில் பெரிய கட்டுரைகள் வேண்டாம். மதுரைக் கிளையின் அண்மைத் தீர்ப்புகள் நான்கைந்தை எடுத்துத் தாங்களே குறிப்பு எழுதுங்கள். ஒருவர் எழுதியதை மற்றொருவர் மூலத்தை எதிரில் வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபாருங்கள். அச்சானதும் நமக்கு ஒரு படி அனுப்பிவையுங்கள்.